போன் மணி அடித்தாலே நெட் போய்விடுகிறது, யாராவது வழி சொல்லுங்களேன்
வீட்டில் இன்னும் செம்புக் கம்பி லேண்ட்லைன்தான், அதில்தான் ஏடிஎஸ்எல், அதாவது போன் கம்பி வழியாகவே வரும் நெட். பத்து நாளாக ரிசீவரை எடுத்தால் அப்பளம் பொரிகிற மாதிரி கரகர சத்தம், யாராவது கூப்பிட்டு மணி அடித்தால் போதும், மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு மினுக்க ஆரம்பித்து இணைப்பு அறுந்துவிடும், திரும்பி வர இரண்டு மூன்று நிமிடம். எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) 5 டெசிபல் காட்டுகிறது, மழை பெய்தால் 3 ஆகிவிடும். அது 6-க்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடும் என்பது தெரியும். போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாற்றியாயிற்று. எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து லைன் வரும் முதல் பெட்டியிலேயே மோடத்தை நேராகச் செருகியும் அதே கதை. மாடிச் சுவரில் இருக்கும், போன் வயர்களை இணைக்கும் டிபி பெட்டியைத் திறந்தால் முறுக்கிவிட்ட ஜாயின்ட்டில் பச்சைக் களிம்பு, உள்ளே எறும்பு வேறு. லைன்மேன் வந்தார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டுப் போய்விட்டார். அந்த ஜாயின்ட்டை நானே சுரண்டி, ஈரம் புகாத ஜெல் கனெக்டர் போடலாமா, இல்லை வெளி வயரையே மாற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கவா?