ஒடுக்கமா, இடுக்கா? நனோத்துளைத் திரவத்துக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

நனோத்துளைக்குள், அதாவது ஒருசில நனோமீற்றர் அகலத் துளைக்குள், அகப்பட்ட திரவத்தின் நிலையை எங்கட கலைச்சொல் வரைவில் "ஒடுக்கம்" என்று எழுதியிருக்கிறோம். அது சரிவராது. எங்கட பாடநூல்களில் ஆவி திரவமாவதுதான் ஒடுக்கம். அதுவும் இதே துளைக்குள் நடக்கும். நீர் நன்றாக நனைக்கும் 2 நனோமீற்றர் ஆரைத் துளையில், 25 பாகை செல்சியசில், வளைந்த நீர்ப்பரப்பின் ஆவியமுக்கத்தைத் தரும் கெல்வின் சமன்பாட்டின்படி சாரீரப்பதன் 60 சதவீதத்தை எட்டும்போதே ஆவி நீராகித் துளையை நிரப்பிவிடும். "ஒடுக்கத் திரவத்தின் ஒடுக்கம்" என்றால் பிள்ளைகளுக்கு என்ன விளங்கும்?

"அடைப்பு"ம் வேண்டாம். தண்ணிக் குழாய் அடைச்சுப்போச்சு என்றுதான் காதில் விழும். வினையூக்கியின் துளையைக் கரி மூடுவதற்கு அந்தச் சொல் தேவை.

என் முன்மொழிவு: இடுக்குநிலை, இடுக்குநீர்.

மறுமொழி:

ஐயா, இடுக்கு என்றால் இரண்டு சுவருக்கு நடுவே தட்டையான சந்து. கதவிடுக்கு, பல்லிடுக்கு எல்லாம் அப்படித்தான். நாங்கள் எடுக்கும் நனோத்துளைத் தூளான எம்.சி.எம்-41 சிலிக்காவின் துளையோ உருளை. "சிறைநிலை" என்றால் வடிவச் சிக்கல் இல்லையே?

மறுமொழி:

தம்பி, சிறைக்குள் போனவர் நினைத்தபடி வெளியே வரமாட்டார். இந்த மூலக்கூறுகள் துளைவாயால் போய்வருகின்றன. தட்டைச் சந்துக்குப் "பிளவுத்துளை" என்று தனிச்சொல் வைப்போம். இடுக்கு பொதுவாக நிற்கட்டும்.

சொல்லைப் பரிசோதனைக் குறிப்பில் போட்டுப் பார்ப்போம். துளைக் கனவளவு கிராமுக்கு 0.8 மில்லிலீற்றர் என்றால், உலர்த்திய 10 மில்லிகிராம் தூளுக்கு 8 மைக்கிரோலீற்றர் நீர் போதும். கூடினால் மிச்சம் மணிகளுக்கு வெளியே நிற்கும். வெப்பத்தை அளக்கும் கலோரிமானியின் உருகல் வளையியில் அது 0 பாகைக்கு அருகே தனி உச்சியாகத் தெரியும்: அது வெளிநீர். 4 நனோமீற்றர் விட்டத் துளையின் இடுக்குநீர் ஏறத்தாழ −32 பாகையில் உருகும். குளிரவிடும்போது எடுத்த வளையியை நம்பவேண்டாம். வெளிநீர் உறையாமலே பல பாகை கீழே இறங்கிப்போகும், இரண்டு உச்சியும் கிட்டக்கிட்ட வந்து குழப்பும்.

"வெளிநீர், இடுக்குநீர்" என்ற சோடி வாயில் நன்றாக வருகிறது. "சிறைநீர்" என்று சொல்லிப் பாருங்கள், கண்ணீர் மாதிரி இருக்கிறது.

மறுமொழி:

சரி ஐயா, இடுக்குநீரை ஏற்கிறேன். ஆனால் அதற்குள்ளேயும் இரண்டு வகை. சுவரை ஒட்டி ஏறக்குறைய 0.4 நனோமீற்றருக்கு உள்ள படை பனிக்கட்டியாவதில்லை. உங்கட உருளையிலேயே கணக்குப் பாருங்கள்: ஆரை 2, உறையும் நடுப்பகுதி 1.6, வர்க்க விகிதம் 0.64. ஆக 36 சதவீத நீர் அந்த உச்சியில் வரவே வராது. உச்சிப் பரப்பைக் கொண்டு துளைக் கனவளவு கணிப்பவர் மூன்றிலொரு பங்குக்கு மேல் தவறவிடுவார். இதற்கும் பெயர் வேண்டும். "கட்டுநீர்" என்றால் சுவரோடு அசையாமல் கிடப்பதுபோல் படும்; அது மெதுவாக என்றாலும் அசைகிறது. "சுவர்ப்படை" போதுமா?

மறுமொழி:

போதும். "உறையாப் படை" என்று வைத்தால் வெப்பநிலை சொல்லாத இடங்களில் இடிக்கும். பதிவில் சுவர்ப்படை, இடுக்குநீர், வெளிநீர், பிளவுத்துளை நான்கையும் ஏற்றிவிடுகிறேன். வரைவில் இடுக்குநீருக்குக் கொடுத்த சுண்ணாம்புக்கல் உதாரணத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். எங்கட கிணற்றடிக் கல்லில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகளில் நிற்பது வெளிநீர்தான்.