புதுப்பிப்பு: ஓவியம் கற்க எந்த நூல்?

ஓவிய ஆசிரியருக்கும் வீட்டிலிருந்தே கற்பவருக்கும் ஒரே பயிற்சி நூல் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் பரிந்துரைத்தவற்றைப் படித்தபின், இருவருக்கும் தனித்தனி நூல்களே வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

தனியே கற்பவருக்கு 1979இல் வெளிவந்த அமெரிக்க ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸின் 'Drawing on the Right Side of the Brain' என்ற நூல் ஏற்றது. அதிலுள்ள பயிற்சிப்படி படத்தைத் தலைகீழாக வைத்து வரையும்போது, மூக்கு, கண் என்ற எண்ணம் விலகி, கோடுகளின் வளைவும் இடைவெளியுமே கண்ணில் படுகின்றன.

ஆசிரியருக்கு, 1963இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸின் 'Interaction of Color' என்ற வண்ண நூலையே உறுதியாகச் சொல்வேன். அதன் பயிற்சிப்படி, ஒரே சாம்பல் நிறத் தாளில் வெட்டிய இரு துண்டுகளைக் கறுப்பு அட்டையிலும் வெள்ளை அட்டையிலும் வைத்தால், முன்னது வெளிறியும் பின்னது அடர்ந்தும் தெரிவதை, பெயிண்ட் வாங்காமலேயே வகுப்பு முழுவதற்கும் காட்டிவிடலாம். பழைய மலிவுப் பதிப்பில் வண்ணப் படங்கள் சிலவே இருப்பதால், வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.