'சஸ்டெய்னபிள் பாமாயில்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பாமாயில் உற்பத்தியை மதிப்பிடுவது பற்றிய கையேடு ஒன்றை இளங்கலை மாணவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'சஸ்டெய்னபிலிட்டி அசெஸ்மெண்ட்' வரும் இடமெல்லாம் 'நிலைத்தன்மை மதிப்பீடு' என்று போட்டுவைத்தேன். வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி, "எண்ணெய் கெட்டுப்போகாம எத்தனை நாள் இருக்கும்னு பாக்கிறதா சார்?" என்று கேட்டாள். 'பனை எண்ணெய்' என்றதும் பாதிப் பேர் நம் பனைமரத்தை நினைத்துக்கொண்டார்கள். நல்ல சொல் தாருங்கள்.

உடன்குடியிலிருந்து:
பனை எண்ணெய் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. எங்கள் தேரிக்காட்டுப் பனையில் பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு, ஓலை, நார் எல்லாம் உண்டு, எண்ணெய் கிடையாது. ரேஷன் கடைப் பாக்கெட்டைக் காட்டி "இது உங்க ஊர்ப் பனையா" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போச்சு. பாமாயில் என்றே எழுதுங்கள். கடையில் அப்படித்தானே கேட்டு வாங்குகிறோம்.

சேரன்மகாதேவியிலிருந்து:
ரேஷன் கடையா கலைச்சொல் ஆக்குவது? எள் + நெய்தான் எண்ணெய். ஆகவே எள்ளைத் தவிர எதில் எடுத்தாலும் எண்ணெய் என்பது பிழை. 'பனைநெய்' என்பதே முறை. ஆனால் பனங்காய், பனம்பழம் போல அம் சாரியை பெறுமா, பனாட்டு போலத் திரியுமா என்று பார்க்கவேண்டும். தவிர, புறத்தே காழ் (வயிரம்) உடையது புல், அகத்தே காழ் உடையது மரம் என்பது தொல்காப்பிய மரபு. பனை புல்தான். இதை மாணவர்களுக்குச் சொன்னீர்களா?

கடையநல்லூர்க்காரன், பினாங்கிலிருந்து:
ஐயா, பாமாயில் தரும் மரம் இங்கே செம்பனை. பால்மரத்தை (ரப்பர்) வெட்டிவிட்டு இதை நட்ட தோட்டங்களில் நம் ஆட்கள் வாயில் வழங்கும் சொல். பழுத்த குலை செக்கச்செவேல் என்று இருக்கும், ஆலையில் வடியும் எண்ணெயும் அப்படியே. சுத்திகரித்த பிறகுதான் அந்த வெளிறிய மஞ்சள். குலையை வெட்டி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் அமிலம் ஏறிவிடும். அதனால் தோட்டம் இருக்கும் பக்கமே ஆலையும் இருக்கும். உங்கள் கையேட்டில் ஆலையும் தோட்டமும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

தென்காசியிலிருந்து:
செம்பனைக்கு என் வாக்கு. மற்றச் சொல்லுக்கு வருவோம். மதிப்பீட்டில் என்ன பார்க்கிறார்கள்? பாமாயிலுக்குச் சான்று தர 2004-இல் உருவான வட்டமேசை அமைப்பின் (ஆர்.எஸ்.பி.ஓ.) விதிப்படி, 2005 நவம்பருக்குப் பிறகு பழங்காட்டை அழித்து நட்ட தோட்டமா என்று பார்ப்பார்கள். பீட் என்கிற சதுப்புக் கரிமண்ணை வடித்து நட்டதா, ஆலைக் கழிவுநீர்க் குட்டையில் கிளம்பும் மீத்தேன் எங்கே போகிறது, நிலம் யாருடையது, கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, எல்லாம் உண்டு. இதில் 'நிலைத்தன்மை' எங்கே வருகிறது? தோட்டம் இருபத்தைந்து வருடம் ஜம்மென்று நிலைத்து நிற்கும், போன காடு போனதுதான். பாடநூலில் 'வளங்குன்றா வளர்ச்சி' இருக்கிறது. 'வளங்குன்றாமை மதிப்பீடு' என்று போடுங்கள், எது குறையக்கூடாது என்பதாவது தெரியும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
இலங்கையில் 'பேண்தகு' என்பார்கள். கச்சிதம்.

தென்காசியிலிருந்து:
பேணத் தகுந்தது என்றுதானே பொருள்? பேணத் தகுந்ததா இல்லையா என்பதுதான் தம்பி மதிப்பீடே. தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்டால் எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து:
வளங்குன்றா மட்டும் என்னவாம்! ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிடும். அப்புறம், எல்லாரும் செம்பனையை வில்லனாக்குகிறீர்கள். ஒரு ஹெக்டேரில் நாலு டன் அளவுக்கு எண்ணெய் தரும். சோயா அரை டன்கூடத் தராது. இதை விட்டு அதற்குப் போனால் காடு இன்னும் அதிகமாகத்தான் போகும்.

தென்காசியிலிருந்து:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றிய அரசு 2021-இல் 11,040 கோடி ரூபாயில் செம்பனைத் திட்டம் அறிவித்ததே, அதை நம் பக்கம் நட்டால் முதல் கேள்வி தண்ணீர். தேரிப் பனை மழையை நம்பி நிற்கும். இது பாசனம் இல்லாமல் தேறாது.

பாளையங்கோட்டையிலிருந்து:
நன்றி. 'மாஸ் பேலன்ஸ்' இன்னும் பாக்கி. சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் ஒரே தொட்டியில் கலக்கும். சான்றுள்ளது நூறு டன் உள்ளே போயிருந்தால், நூறு டன் வரை அந்தப் பெயரில் விற்கலாம். எந்த நூறு டன் என்று கேட்கக்கூடாது. 'கலப்புக் கணக்கு' எனலாமா?

நெல்லை டவுனிலிருந்து:
எண்ணெய் வியாபாரத்தில் இருப்பவன் சொல்கிறேன், கலப்பு என்று எழுதினால் ஜனம் கலப்படம் என்றே படிக்கும்.

சேரன்மகாதேவியிலிருந்து:
நிறைச்சமன்.

நெல்லை டவுனிலிருந்து:
அது தராசு ரிப்பேர் மாதிரி இருக்கு.

பாளையங்கோட்டையிலிருந்து:
சரி, நேரமாகிவிட்டது. முதல் இடத்தில் மட்டும் 'செம்பனை எண்ணெய் (பாமாயில்)'. தென்காசியார் சொன்ன 'வளங்குன்றாமை மதிப்பீடு', அதுவே போகிறது. மாஸ் பேலன்ஸ் தமிழ் எழுத்தில் அப்படியே. கீழே இரண்டு வரி விளக்கம்.

சேரன்மகாதேவியிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். பனைநெய்ப் புணர்ச்சி பற்றித் தனி மடல் வருகிறது.

உடன்குடியிலிருந்து:
சொல் எதுவோ இருக்கட்டும் அண்ணாச்சி. அச்சுக்குக் கொடுக்கும்முன் அட்டைப் படத்தை ஒருதரம் பாருங்கள். எங்கள் பனையைப் போட்டுவைக்கப் போகிறார்கள்.