விடுதி ஊழியர்களுக்கான பிரெஞ்சு ஆப்: மூணாவது வாரத்துல ஆள் காணாமப் போறாங்க, எதை மாத்தலாம்?

முகப்புத்திண்ணை:
எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியா நடத்துறவங்களுக்காக ஒரு பிரெஞ்சுப் பயிற்சி ஆப் செஞ்சிருக்கோம். படிக்கிறது பரிமாறுறவங்க, அறையைக் கவனிக்கிறவங்க, வீட்டைச் சுத்திக் காட்டுறவங்க. பெரும்பாலும் பத்தாவது, பன்னிரண்டாவது படிச்சவங்க. எல்லாம் விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு போன்.

இப்ப உள்ள அமைப்பு: 40 பாடம், ஒண்ணுக்கு 12 நிமிஷம். எழுத்து, எண், வினைச்சொல்னு போகும். சரியான விடைக்குப் புள்ளி, தினசரி ஸ்ட்ரீக் (விடாம தொடர்ந்து எத்தனை நாள் படிச்சாங்கங்கிற எண்ணிக்கை), விடுதிக்குள்ளயே ஒரு தரவரிசை. முதல் வாரம் எல்லாரும் திறக்குறாங்க. மூணாவது வாரம் பாதிப்பேர் இல்லை. ஒரு முதலாளி, ஜெயிக்கிறவங்களுக்கு மாசம் 500 ரூபாய் தரேன்னு சொல்றார். அதைச் சேர்க்கலாமா? ஸ்ட்ரீக்கை இன்னும் கறாராக்கினா சரிவருமா?

பட்டாலை:
ஸ்ட்ரீக்கைத் தொடுறதுக்கு முன்னாடி பாட வரிசையைப் பிரிச்சுப் போடுங்க. பரிமாறுறவருக்கு நாளைக்கு மதியம் வேண்டியது மூணு வாக்கியம்: "காரம் குறைச்சு வேணுமா?", "இந்தக் குருமாவுல முந்திரி இருக்கு, உங்களுக்கு ஒத்துக்குமா?", "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா?" வினைச்சொல் வாய்ப்பாடு அவருக்கு என்னைக்குப் பயன்படும்னு அவருக்கே தெரியாது. வீடு காட்டுறவருக்கு வேற மூணு: தூண் பர்மா தேக்கு, தரை ஆத்தங்குடி ஓடு, சுவர்ப் பூச்சுல முட்டை வெள்ளைக்கரு. திறந்ததும் "உங்க வேலை என்ன?"ன்னு கேட்டு அதுக்கேத்த பாடத்தை முதல்ல வைங்க. இன்னைக்குப் படிச்சது நாளைக்கு வாயில வந்தா, மூணாவது வாரத் தொல்லையில பெரும்பகுதி அங்கேயே தீரும்.

12 நிமிஷம் அதிகம். மதிய இலை எடுத்து முடிச்சு, சாயங்கால வேலை தொடங்குற வரைக்கும் கிடைக்கிற இடைவெளியில நாலு நிமிஷம்தான் கேட்கலாம். ஒரு பாடத்துக்குப் புது வாக்கியம் அஞ்சைத் தாண்ட வேண்டாம். கடைசியில ஒண்ணையாவது வாய்விட்டுச் சொல்ல வைங்க.

ஸ்ட்ரீக்கைக் கறாராக்கவே ஆக்காதீங்க. அது ஆளைத் திரும்பக் கூப்பிடும், உண்மைதான். ஆனா எண்ணிக்கை ஏற ஏற, படிக்கிறதை விட எண்ணைக் காப்பாத்துறதே வேலையாயிடும். ஒருநாள் அறுந்து பூஜ்யம் ஆச்சுன்னா "இனி என்ன"ன்னு விட்டுடுவாங்க. மொழி கத்துக்கிற ஆப்பான டூயோலிங்கோவே, ஒருநாள் விட்டாலும் எண்ணிக்கை அறுந்துடாம காக்க ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்னு ஒண்ணு வச்சிருக்கிறது இதுக்குத்தான். உங்க ஆளுங்களுக்கு வாரக் கணக்கு போதும்: ஏழு நாள்ல நாலு நாள். முகூர்த்த நாள்ல விடுதி நிரம்பி வழியும்போது யாரும் போனைத் தொட முடியாது. அதுக்கு "ரெண்டு நாள் நிறுத்திவை"ன்னு ஒரு பட்டன் கொடுங்க, காரணம் கேட்காதீங்க.

நாள் மாறுற நேரத்தையும் பாருங்க. சர்வர் யுடிசி-யில (உலகப் பொது நேரத்துல) ஓடினா நம்ம ஊருக்கு நாள் மாறுறது காலை 5.30க்கு. விடியற்காலை அஞ்சு மணிக்குப் படிச்சவருக்கு அது முந்தின நாள் கணக்குல போயிடும். "படிச்சேன், காட்டல"ங்கிற புகார்ல பாதி இங்கேருந்துதான் வரும். உள்ளூர் நேரம் காலை 4 மணிக்கு நாள் மாறட்டும். ராத்திரிச் சாப்பாட்டு வேலை முடிச்சு 12 மணிக்கு மேல படிக்கிறவங்களுக்கும் சரியா இருக்கும்.

கீழவளவு:
500 ரூபாய் வேண்டாம்னு சொல்லிடுங்க. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு உளவியல் ஆய்வாளர்கள் மூணு பேர் நர்சரிப் பிள்ளைங்களை வச்சு ஒரு சோதனை நடத்தினாங்க. தானாவே ஆசையா படம் வரைஞ்ச பிள்ளைங்க அவங்க. பரிசு உண்டுன்னு முன்கூட்டியே சொல்லி வரைய வச்ச குழு, அப்புறம் சும்மா விட்டப்போ மத்தவங்களை விடக் குறைவா வரைஞ்சது. சொல்லாம கொடுத்த பரிசு அந்தக் கேடு பண்ணல. முதலாளிக்குக் கொடுத்தே ஆகணும்னா சீசன் முடிவுல எல்லாருக்கும் கொடுக்கட்டும்.

தரவரிசை விஷயம் இன்னும் மோசம். டூயோலிங்கோ லீக்ல, அதாவது அவங்க வாராந்திரத் தரவரிசையில, எதிர்ல இருக்கிறது முகம் தெரியாத ஆளுங்க, தோத்தா யாருக்கும் தெரியாது. ஆறு பேர் வேலை பார்க்கிற விடுதியில கடைசி இடம் யாருன்னு சமையற்கட்டு வரைக்கும் தெரியும். மூத்த அண்ணன் ஒருத்தர் நேத்து வந்த பையனுக்குக் கீழ நின்னா மறுநாள் ஆப்பைத் திறக்கமாட்டார். அதை எடுத்துட்டு விடுதிக்கு ஒரே இலக்கு வைங்க: "இந்த வாரம் நம்ம எல்லாரும் சேர்ந்து 60 வாக்கியம்". மேலாளருக்கு ஆள்வாரி மதிப்பெண்ணைக் காட்டாதீங்க, மொத்தம் மட்டும் போதும். அவர் பார்க்கிறார்னு தெரிஞ்சா தெரிஞ்ச சுலபப் பாடத்தையே திருப்பித் திருப்பி அழுத்துவாங்க.

தொடக்கத்தைப் பூஜ்யத்துல வைக்காம இருக்கிறதும் உதவும். 2006ல நூன்ஸ், ட்ரேஸ்னு ஆய்வாளர்கள் ரெண்டு பேர் கார் கழுவுற இடத்துல, ஒவ்வொரு தடவை கழுவும்போதும் ஒரு முத்திரை, நிரம்பினா ஒரு கழுவல் இலவசம்னு அட்டை கொடுத்துப் பார்த்தாங்க. எட்டு முத்திரை வேண்டிய வெறும் அட்டையை முடிச்சவங்க 19 சதவீதம். பத்து வேணும், ரெண்டு ஏற்கெனவே குத்தியிருக்கும்னு கொடுத்தப்போ 34 சதவீதம். ரெண்டுலயும் மிச்சம் எட்டுதான். மெனு, ரெஸ்டாரன்ட், ஓட்டல், மெர்சி எல்லாம் உங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச சொல். அதைச் சோதிச்சு முதல் நாளே "தெரியும்" பக்கத்துல போட்டுடுங்க. பொய்யும் இல்லை.

முகப்புத்திண்ணை:
நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். ஏப்ரல்லருந்து அக்டோபர் வரைக்கும் பிரெஞ்சு விருந்தினர் குறைவு, திரும்ப வர்றவங்க எதைப் பார்க்கணும்? உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுறோம், அதுல நிறையப் பேர் கோபப்படுறாங்க.

பட்டாலை:
திருப்பிப் பார்க்கிறதுக்கு எஸ்எம்-2 முறை (சரியாச் சொல்லச் சொல்ல அடுத்து கேட்கிற இடைவெளியை நீட்டுற கணக்கு) வச்சிருந்தீங்கன்னா இடைவெளி 1 நாள், 6 நாள், அப்புறம் சுமார் 2.5 மடங்கா 15, 38னு போகும். ஆறு மாசம் கழிச்சுத் திறந்தா திருப்பிப் பார்க்க வேண்டிய வாக்கிய அட்டை 200 பாக்கின்னு வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் மூடிடுவாங்க. பாக்கி எண்ணிக்கையைக் காட்டவே காட்டாதீங்க. நாளுக்கு 15 மட்டும், அவங்க வேலைக்கு அடிக்கடி வேண்டிய வாக்கியத்துலருந்து. மறந்ததைப் புதுப்பாடமா திரும்ப உள்ளே விடுங்க, "தவறு"ன்னு குறிக்க வேண்டாம்.

ஒலிப்பெட்டி:
உச்சரிப்பு மதிப்பெண் பத்தி. பிரெஞ்சை நீங்க தமிழ் எழுத்துல எழுதிக் காட்டுறீங்கன்னா பிரச்சினை அங்கேயே தொடங்குது. குளியலுக்கும் ரொட்டிக்கும் உள்ள பிரெஞ்சுச் சொல் ரெண்டையும் நம்ம எழுத்துல "பேன்"னுதான் எழுத முடியும். எழுத்தைப் பார்த்துச் சொன்னவர் தப்பு வாங்குறார், ஏன்னு அவருக்குப் புரியல. முதல்ல ஒலி, ரெண்டு தடவை கேட்ட பிறகு எழுத்து. மதிப்பெண்ணுக்குப் பதில் அவர் குரலையும் மாதிரிக் குரலையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டுங்க, "திரும்பச் சொல்லலாமா?"ன்னு மட்டும் கேளுங்க. சமையற்கட்டுச் சத்தத்துல பேச்சறியும் மென்பொருள் சரியாச் சொன்னதையும் தப்புன்னு சொல்லும். மூணு தடவை அப்படி ஆனா ஆள் போயிட்டார்.

ஒலிக் கோப்புகளைப் போன்லயே இறக்கி வைங்க. ரெண்டடிச் சுவர் வீட்டுக்குள்ள சிக்னல் வராது. ஒலியைச் சுருக்கி வைக்கிற ஓபஸ் வடிவத்துல 24 கேபிபிஎஸ் வச்சா நொடிக்கு 3 கேபி. ரெண்டு நொடி வாக்கியம் 300 இருந்தாலும் 2 எம்பிக்குள்ள அடங்கும்.

நினைவூட்டல் பத்தி யாரும் சொல்லலையே. ஆண்ட்ராய்டு 13லருந்து அறிவிப்புக்கு அனுமதி கேட்டாகணும். ஆப் திறந்த உடனே கேட்டா மறுத்துடுவாங்க, ரெண்டு தடவை மறுத்துட்டா அந்தப் பெட்டியே திரும்ப வராது. முதல் பாடம் முடிச்ச கையோட கேளுங்க. சில கம்பெனி போன்கள்ல பேட்டரி சேமிப்பு உங்க அறிவிப்பை அடக்கிடும், ஒவ்வொரு போன்லயும் அந்த அமைப்பை மாத்திக் கொடுக்க ஒருத்தர் விடுதிக்கு நேர்ல போயாகணும்.

வாசகத்துல "உங்களைக் காணோமே" மாதிரி அழுமூஞ்சி வேண்டாம். விடுதியோட முன்பதிவுப் பட்டியலைச் சேர்க்க முடிஞ்சா, "நாளைக்கு மதியம் பிரெஞ்சு விருந்தினர் நாலு பேர், வரவேற்பு வாக்கியம் ரெண்டு பார்க்கலாமா?"ன்னு மூணரை மணிக்கு ஒண்ணு அனுப்புங்க. பட்டியல் காலியா இருக்கிற நாள்ல எதுவும் அனுப்பாதீங்க.