குடுவைச் செடியின் வேரைக் கழுவலாமா?

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "பூச்சி தின்னும் குடுவைச் செடியைப் பாசி நிரப்பிய சட்டியிலிருந்து கனிம ஊடகத்துக்கு, அதாவது பியூமிஸ், பெர்லைட் என்னும் இலேசான எரிமலைக் கல் துண்டுகளின் கலவைக்கு, மாற்றும்போது வேரில் ஒட்டிய பாசி முழுவதையும் கழுவிவிட வேண்டும்." வாசித்ததும் தேநீர் கசந்துவிட்டது. நெப்பந்திஸின், அதாவது இந்தக் குடுவைச் செடியின், வேர் கறுப்பு நூல் போன்றது, தொட்டாலே முறியும். முப்பது வருடமாக வளர்க்கிறேன். ஒரு நாளும் கழுவியதில்லை.

வெள்ளவத்தை மாடி:
அந்த "ஒருவர்" நான்தான் ஐயா, பெயரைச் சொல்லியே திட்டலாம். நமது வெக்கைக்குப் பாசி சீக்கிரமே மக்கிச் சேறாகிவிடுகிறது. அந்த உருண்டையை அப்படியே வைத்துச் சுற்றிவரப் பியூமிஸ் போட்டால் வெளிப்பக்கம் காய்ந்து கிடக்கும், நடுவில் ஈரம் தேங்கி வேர் அழுகும். வாளி மழைநீரில் வைத்து மெல்ல அசைத்தால் தானாகக் கரையும்.

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
அசைப்பதும் கழுவுவதுதான். முறியும்.

சிரட்டைக்கரி:
நான் ஓர்க்கிட்டுக்குப் போடுகிற கரியும் செங்கல் துண்டும்தான் இதற்கும் போடுகிறேன். ஜப்பானிலிருந்து அகடாமா மண் இறக்கும் வசதி நமக்கில்லை.

தெஹிவளை மாணவன்:
கனிம ஊடகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கரி மரத்திலிருந்து வருவதல்லவா?

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
தம்பி, கரியை விடும். பேச்சு வேரைப் பற்றியது. நெப்பந்திஸ் டிஸ்டிலட்டோரியா இலங்கைக்கே உரிய செடி. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள். 1753 இல் லின்னேயஸ் பெயர் வைத்தார். சிங்கராஜக் காட்டில் அதன் வேரை யார் கழுவிவிட்டார்கள்?

வெள்ளவத்தை மாடி:
சிங்கராஜக் காட்டில் அதை யார் சட்டியில் வைத்தார்கள்?

சிரட்டைக்கரி:
காட்டைப் பற்றிப் பேசுகிறவர் தமது முதல் செடி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லலாமே.

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
நாற்றுமேடையில் காசு கொடுத்து வாங்கியது. நீர் சந்தேகப்படுவீர் என்று தெரிந்திருந்தால் பற்றுச்சீட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். என் வேர்க் கேள்விக்குப் பதில் எங்கே?

சிரட்டைக்கரி:
பதில் கேட்கிறவர் முதலில் எனக்குப் பதில் தரட்டும். 2019 இல் "சிவப்புக் குடுவை" என்று நீர் விற்ற கன்று இன்றுவரை பச்சையாகவே காய்க்கிறது.

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
வெளிச்சம் போதவில்லை. மாமர நிழலில் வைத்துவிட்டுச் சிவப்பு வரவில்லை என்றால் நான் வந்து சாயம் பூசவா?

வெள்ளவத்தை மாடி:
என் பத்துச் செடியையும் கழுவித்தான் மாற்றினேன். முதல் மாதம் பழைய குடுவைகள் கருகின, உண்மை. பிறகு எட்டுச் செடி புதுக் குடுவை விட்டன.

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
மற்ற இரண்டு?

வெள்ளவத்தை மாடி:
அவை பைப் தண்ணீரால் போயின. வீட்டில் இல்லாத வாரத்தில் வேறொருவர் ஊற்றிவிட்டார்.

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
பத்தில் இரண்டு! பழி பைப்பின் மேல்! நான் அப்படியே மண்கட்டியோடு மாற்றுகிறேன், ஒன்றுகூடச் சாகவில்லை.

சிரட்டைக்கரி:
அப்படியானால் நீர் இதுவரை கனிமத்துக்கு மாற்றவே இல்லை, பெரிய சட்டிக்கு மாற்றியிருக்கிறீர்.

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
வார்த்தையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். வேர் முறியுமா, முறியாதா?

தெஹிவளை மாணவன்:
ஐயா, அக்கா, என் செடி காலையிலிருந்து வாளித் தண்ணீரில் கிடக்கிறது. எடுக்கவா, விடவா?

கொட்டாஞ்சேனைக் கிழவர்:
யாரைக் கேட்டுத் தம்பி அதை வாளிக்குள் போட்டீர்?