துடிப்பை வைத்து வாட்ஸ் கணக்கு: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

வணக்கம் நண்பர்களே. மிதிக்கும் சக்தியை நேராக வாட்ஸில் காட்டும் பவர் மீட்டர் வாங்க இப்போதைக்கு வசதியில்லை. அதனால் கல்லூரி லேபில் இருக்கும் மோனார்க் சைக்கிளில் (நின்ற இடத்திலேயே பாரம் வைத்து மிதிப்பது) பிடபிள்யூசி 170 டெஸ்ட் செய்து பார்க்கிறேன்; இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 170 ஆகும்போது எத்தனை வாட்ஸ் மிதிக்க முடியும் என்று கணக்கிடும் டெஸ்ட் இது. 50 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 50 சுற்று) மிதித்தால் ஒரு கிலோ பாரத்துக்குச் சுமார் 50 வாட்ஸ்.

காலையில் 100 வாட்ஸில் துடிப்பு 128, 150 வாட்ஸில் 150. இந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்துக் கோடு போட்டு, அதை 170 துடிப்பு வரை நீட்டினால் ஏறக்குறைய 195 வாட்ஸ் வருகிறது. மாலையில், ஃபேன் ஓடாத அறையில், அதே பாரத்துக்கு 136, 160. கணக்கு 171 வாட்ஸுக்கு இறங்கிவிட்டது! மிதித்தது அதே கால்தான்.

வெக்கையில் ரத்தம் தோல் பக்கம் போய்விடும், வேர்வையிலும் நீர் குறையும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும் என்பது தெரியும். மதியக் காபிக்கும் இதில் பங்கிருக்கலாம், ஆனால் அதை விடச் சொல்லாதீர்கள்.

நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு பாரத்திலும் 3 நிமிடம் மிதித்து, கடைசி நிமிடத் துடிப்பை எடுக்கிறேன். ஆஸ்ட்ராண்ட் டெஸ்ட் (ஒரே பாரத்தில் மிதித்து, துடிப்பை வைத்து உடல் திறனைக் கணிப்பது) மாதிரி 6 நிமிடம் விட்டால் துடிப்பு நிலைக்குமா, இல்லை சூட்டில் இன்னும் ஏறுமா? மூன்றாவதாக 175 வாட்ஸ் சேர்த்தால் கோடு நம்பகமாகுமா? பவர் மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எத்தனை வாட்ஸ் தள்ளி வந்தது என்று சொல்லுங்கள்.