குழந்தைக்கு உடை மாட்டும் 95 படங்கள்: யூகலிஸின் படைப்பை எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். அமெரிக்கக் கலைஞர் மியர்லி லேடர்மன் யூகலிஸ் 1973-இல் செய்த படைப்பு ஒன்றில், குளிருக்குக் குழந்தைகளுக்கு உடை மாட்டி வெளியே கிளம்புவதும், திரும்பியதும் அவற்றைக் கழற்றுவதுமாக 95 கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டுள்ளன. எந்தப் படமும் தனியாக என்னை ஈர்க்கவில்லை. பெண்ணியக் கலையில் இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

பதில் 1:
தனிப் படத்தில் அழகைத் தேடினால் இந்தப் படைப்பு பிடிபடாது. குடும்ப ஆல்பத்தில் பிறந்தநாளும் பண்டிகையும் இருக்கும். அந்த நாளுக்காகத் தாய் குனிந்து நிமிர்ந்த நேரம் இருக்காது. யூகலிஸ் அந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மாட்டியதையே மறுபடி கழற்ற வேண்டும், நாளையும் அதையே செய்ய வேண்டும் என்ற அலுப்பு, படங்களை ஒவ்வொன்றாகக் கடந்து போகும்போதுதான் பார்ப்பவரின் உடம்பில் ஏறுகிறது. படங்களோடு சங்கிலியில் ஒரு தூசித் துணியும் தொங்குகிறது என்பதைக் கவனியுங்கள். கலைப்படைப்பின் மேல் படியும் தூசியையும் யாரோ ஒருவர் துடைத்தாக வேண்டும் அல்லவா?

பதில் 2:
இதன் வேர் 1969-இல் அவர் எழுதிய பராமரிப்புக் கலை அறிக்கையில் இருக்கிறது. முதல் குழந்தை பிறந்த பிறகு, கலைஞராக ஒரு வாழ்க்கை, தாயாக இன்னொன்று என்று பிரிந்து நிற்க மறுத்து, சமைப்பதையும் துடைப்பதையுமே கலையாகக் காட்டுவேன் என்று அறிவித்தார். 1973-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் உள்ள வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகப் படிகளையும் தரையையும் மணிக்கணக்கில் கழுவினார். பின்னர் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் ஊதியமில்லாக் கலைஞராக இருந்து, 1979-80-இல் சுமார் 8,500 தொழிலாளர்களின் கைகளைக் குலுக்கி நன்றி சொன்னார். தாயின் வேலையையும் தெருவைக் கூட்டுபவரின் வேலையையும் ஒரே தட்டில் வைத்ததுதான் எனக்கு அவரிடம் மிகப் பெரிதாகப் படுகிறது.

பதில் 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. லண்டனில் வாழ்ந்த கலைஞர் சூசன் ஹில்லர், தன் கர்ப்பகால வயிற்றை நாள்தோறும் படமெடுத்து, 1977-79-இல் உருவாக்கிய படைப்பில் அவற்றைச் சந்திர மாதத்துக்கு 28 படங்களாக அடுக்கி, தன் நாட்குறிப்பு வரிகளையும் சேர்த்தார். அங்கே சுமப்பவளின் சிந்தனையும் நம்மை வந்தடைகிறது. யூகலிஸின் வரிசையில் வேலை முழுவதும் தெரிகிறது, ஆனால் அதைச் செய்தபோது அவர் என்ன நினைத்தார் என்பதைப் படங்கள் சொல்வதில்லை. ஆகவே 1969 அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படங்களைப் பார்க்கும்படி கேள்வி கேட்டவருக்குப் பரிந்துரைக்கிறேன்.